பாலக்காட்டுக் கணவாயை நீ கடந்த ஞாயிறு

அம்மா,

அன்று நான் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வரி. அந்த விமானத்தை அழித்தவள் நான்தான்.

இன்று காலை விசைப்பலகையைத் துடைத்தபோது, சக்கரம் இறக்கும் விசையில் நீ ஒட்டிவைத்த சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு துணியோடு வந்துவிட்டது. பிரேக்குக்குப் பச்சை, வேகத்துக்குக் கறுப்பு. கண்ணாடி போடாமலே கை போக வேண்டும் என்பாய். பொட்டை எடுத்த இடத்திலேயே ஒட்டிவிட்டு, துணியை ஓரமாக வைத்துவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

தம்பி பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுச்சென்ற கணினி அது. அவனுடைய விளையாட்டுகளுக்கு நடுவே திரையில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் ஒன்று இருந்தது. துடியலூர் பம்பு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் முப்பது வருடம் இருந்தவள் நீ. நாட்டின் ஊர்களெல்லாம் உனக்கு முகவரிகளாகத் தெரியும். நேரில் பார்த்தவை பழனியும் குருவாயூரும்தான். ஓய்வு பெற்ற மாதமே அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாய். முதல் வாரம் முழுக்க நம் பீளமேட்டு விமான நிலைய ஓடுபாதையின் கடைசியில் இருக்கும் புல்லில்தான் போய் நின்றாய்.

ஆறு மாதத்தில், ஞாயிறு மதியம் சேர்ந்து பறக்கும் குழு ஒன்றில் சேர்ந்துவிட்டாய். அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடி ஒன்பது பேர் ஒரே வானத்தில் வரிசையாகப் பறப்பீர்கள். முன்னால் போகிறவர் வழி சொல்ல வேண்டும். பத்தாவதாக ஒருவர் கட்டுப்பாட்டுக் கோபுரமாகக் குரல் கொடுப்பார். எல்லோரும் ஆங்கிலத்தில் மிடுக்காக அனுமதி கேட்பார்கள். நீ மட்டும், "ஏனுங்க, நான் இறங்கிக்கட்டுங்களா?" என்பாய்.

பொங்கலன்று கொச்சிக்கு உன்னை முன்னால் அனுப்புவதாக முடிவானது. குழுவில் இருந்த பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரி ஒருவர் ஹெட்போனில் சிரித்தார். "அக்கா முன்னால போனா, நாமெல்லாம் சாயங்காலம் வரைக்கும் கோயமுத்தூரையே சுத்திக்கிட்டு இருப்போமுங்க." ஒரு வாரம் பென்சிலால் வழியை எழுதினாய், அழித்தாய், மறுபடி எழுதினாய்.

முந்தின நாள் சனிக்கிழமை காப்புக்கட்டு. வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வாசலில் செருகுவதற்கு முன்னால் வீட்டைக் கழுவிவிட வேண்டுமே. பரணைக் காலி செய்து, அலமாரியைக் காலி செய்து, அதே வேகத்தில் கணினிக்கு வந்தேன். இடம் போதவில்லை என்று அது பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. தம்பி தனியாக வாங்கிச் சேர்த்த பெரிய விமானம் ஒன்றை நீ தொட்டதே இல்லை. அந்த ஃபோல்டரை அப்படியே தூக்கிக் குப்பையில் போட்டேன். குப்பையையும் காலி செய்தேன். இப்படித் தனியாகச் சேர்த்த ஆட்-ஆனை நீக்குவதற்கென்று ஒரு முறை உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது. பழைய பாயை வெளியே வைப்பதுபோல வைத்துவிட்டேன்.

சாயங்காலம் கூப்பிட்டாய். "அம்மணி, இது எதையோ காணோங்குது. வந்து பாரு கண்ணு."

திரையில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி. அதை மூடினால் இன்னொரு பெட்டி. அப்புறம் சிமுலேட்டரே மூடிக்கொண்டது.

சொல்லியிருக்கலாம். "இரும்மா, காப்பி போட்டுட்டு வாரேன்" என்றேன்.

தம்பியைப் போனில் பிடித்தேன். "எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா இறக்குக்கா" என்றான்.

"நம்ம ஊட்டு லைன்ல அது இறங்க ரெண்டு நாளாகும்டா."

"அப்ப அம்மாவ நாளைக்கு டிவி பாக்கச் சொல்லு."

உனக்குக் கேட்டுவிட்டது. "முப்பது வருசம் ஒரு லோடு நிக்க விட்டதில்ல நான். நாளைக்கு நின்னுபோச்சுன்னா அந்தப் பொள்ளாச்சிக்காரரு சிரிச்சே வயிறு புண்ணாயிருவாரு" என்றாய். சொல்லும்போது நீ சிரிக்கவில்லை. பென்சிலால் வழி எழுதிய தாளை நான்காக மடித்து மேசையில் வைத்தாய். அதைப் பார்த்ததும் இன்னொரு காப்பி போடப் போனேன்.

திரும்பி வந்து, பெட்டிகளை அவசரமாக மூடுவதை விட்டுவிட்டுப் படித்தேன். இரண்டும் வெவ்வேறு குறைகளைச் சொல்லின. சிமுலேட்டர் எழும்போது, யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு பட்டியலைப் படிக்கிறது. வீட்டை விட்டுப் போனவனின் பெயர்போல, நான் அழித்த விமானத்தின் பெயர் அதில் இன்னும் இரண்டு வரிகளில் இருந்தது. பட்டியலுக்கு ஒரு நகல் எடுத்துவைத்துவிட்டு அந்த இரண்டு வரிகளையும் எடுத்தேன். முதல் பெட்டி வரவில்லை. இரண்டாவது வந்தது.

அது பிடிபட ஞாயிறு காலை ஆகிவிட்டது. திறந்ததும் முதலில் காட்ட வேண்டிய காட்சியாகத் தம்பி எப்போதோ சேமித்திருந்தது, அந்தப் பெரிய விமானத்தில் அவன் உட்கார்ந்திருந்த காட்சி. விமானம் இல்லை, காட்சி மட்டும் அதைத் தேடிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக உன் சின்ன விமானத்தைப் பீளமேட்டில் நிறுத்தினேன். திரை திறந்தது, அம்மா! ஓடுபாதை, வெயில், எல்லாம் வந்தன.

இன்ஜினைப் போட்டாய். விசிறி சுற்றியது. சத்தம் இல்லை.

"ஊமையாப் போச்சே" என்றாய்.

உன் சின்ன விமானம் இத்தனை நாளும் அந்தப் பெரிய விமானத்திடம்தான் குரலை இரவல் வாங்கிக்கொண்டிருந்தது. அதன் கோப்பில் ஒரே ஒரு வரி அப்படிச் சொன்னது. வேறொரு விமானத்தின் குரலுக்கு மாற்றி எழுதினேன். அடுப்படியிலிருந்து நீ கரண்டியோடு ஓடிவந்தாய். "சத்தம் வந்துருச்சு! கண்ணு, சத்தம் வந்துருச்சு!" அந்த வருடம் பொங்கல் அடிப்பிடித்தது. இருவரும் சிரித்துக்கொண்டே சுரண்டிச் சாப்பிட்டோம்.

மூன்று மணிக்கு ஒன்பது விமானங்கள் கிளம்பின. கணவாய்க்குள் நுழையும்போது நீ சொன்னாய்: "காத்து முதுகப் புடிச்சுத் தள்ளுதுங்க. எல்லாரும் வேகத்தக் கொறச்சுக்குங்க." ஒருவர் மட்டும் குறைக்கவில்லை. உன்னைத் தாண்டிச் சர்ரென்று போனார்.

"ஏனுங்க பொள்ளாச்சி அண்ணா, நீங்க எங்கீங்க போறீங்க? கடலுக்குங்களா?"

வானமே சிரித்தது. அவர் வட்டமடித்து வந்து வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டார்.

கொச்சியை நெருங்கியதும், "ஏனுங்க, ஒம்பது பேரும் வந்திருக்கறோம். இறங்கிக்கட்டுங்களா?" என்றாய். கோபுரத்துக்காரர் அன்று ஆங்கிலத்தை விட்டுவிட்டார். "வாங்க வாங்க, நல்லா இறங்கிக்குங்க." ஒன்பதும் இறங்கின. "அக்கா, அடுத்த வாரமும் நீங்களே முன்னால போங்க. நான் பின்னாலயே வாரேன்" என்றார் பொள்ளாச்சிக்காரர்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, திரையைப் பார்த்தபடியே கேட்டாய். "அந்தப் பெரிய ப்ளேன நீதான தூக்கிப் போட்ட?"

"எப்படித் தெரியும்?"

"நேத்துக் கேக்காமயே ரெண்டு தடவ காப்பி வந்துச்சு. புள்ள தானாச் சொல்லட்டும்னு இருந்தேன். சரி பண்ணிப்போட்டயல்ல, உடு."

இப்போது குழுவில் யாருக்குச் சிமுலேட்டர் எழவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். "எதையாவது எடுத்தீங்களா?" என்று கேட்பேன். "நான் ஒண்ணுமே பண்ணலீங்க" என்பார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. நீ எனக்குக் கொடுத்த நேரத்தை அவர்களுக்கும் கொடுக்கிறேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் மாற்ற வேண்டியது இரண்டு மூன்று வரிகள்தான்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு பதினாறு ஞாயிறுகள் நீ முன்னால் பறந்தாய். வைகாசியில் உன் இதயம் நின்றுவிட்டது. உன் இடத்தில் நான் சேர்ந்துகொண்டேன். முன்னால் போவது இப்போது மாதம் ஒருவர் என்று மாற்றியிருக்கிறார்கள். இந்த மாதம் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு பெண். போன ஞாயிறு ஒன்பது விமானங்களையும் அவர் மதுரையில் பத்திரமாக இறக்கினார்.