கே வரை உனக்கு, எல் முதல் எனக்கு

அலுமாரியைத் துப்புரவு செய்யும்போது இன்று அந்தப் பாதி டிக்‌ஷனரி அகப்பட்டது. எல் எழுத்தில் தொடங்குகிறது. முன் பாதி உன்னோடு போனது. பழைய பசை வாசம் மூக்கில் ஏறியதும் வேலையை விட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கண்டியில் ஒரே துணிக்கடையில் நாம் இருவரும் பில் எழுதினோம். ஒருநாள் தோட்டத்துத் துரை ஒருவர் வந்து இங்கிலீசில் ஏதோ கேட்க, இருவரும் பேந்தப் பேந்த முழித்தோம். அன்று மாலையே பழைய புத்தகக் கடையில் அந்தத் தடித்த டிக்‌ஷனரியை வாங்கினாய். "இனி எவன் முன்னாடியும் நாம முழிக்கக் கூடாதுடா" என்றாய். நீ ஹந்தானைத் தோட்டத்து லய வீட்டுக்கு ஏற வேண்டும், நான் வத்தேகம பஸ் பிடிக்க வேண்டும். ஒரு புத்தகத்தை இரண்டு வீட்டில் எப்படிப் படிப்பது? கத்தியை எடுத்து அதன் முதுகைக் கீறிவிட்டாய். படித்து முடித்ததும் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

ஒரு விளையாட்டும் கண்டுபிடித்தாய். தன் பாதியிலிருந்து ஒரு பெரிய சொல்லைப் பேச்சில் போட வேண்டும். மற்றவன் அர்த்தம் கேட்கக் கூடாது, வேறு டிக்‌ஷனரியும் பார்க்கக் கூடாது. ஊகித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கேட்டவன் தோற்றவன். நீ எத்தனையோ தடவை கேட்டுவிட்டுச் சிரிப்பாய். நான் ஒருமுறையும் கேட்டதில்லை. அப்படியொரு வீம்பு எனக்கு.

பிறகு இரண்டு அரசாங்கமும் நம் தோட்டத்து ஆட்களைப் பங்கு பிரித்தபோது உன் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது, எங்களுக்கு இங்கே பிரஜாவுரிமை. கண்டி ஸ்டேஷனில் உன் பாதியை நீட்டினாய். "இந்தாடா, ரெண்டும் உங்கிட்டயே இருக்கட்டும்." நான் வாங்கவில்லை. "கொண்டு போ, கடுதாசில ஆடுவோம்" என்றேன்.

நீலகிரியிலிருந்து உன் கடைசிக் கடிதம். எல்லாம் தமிழ், வழக்கம்போல ஒரேயொரு இங்கிலீஷ் சொல். "நான் இப்ப முழுசா எமேஷியேட்டட் டா." நீளமான சொல், ஏதோ பெரிய பதவி கிடைத்திருக்கிறது என்று ஊகித்தேன். "வாழ்த்துகள்டா, எப்ப விருந்து?" என்று எழுதிப் போட்டேன்.

அடுத்த கடிதம் உன் மனைவியின் கையெழுத்தில் வந்தது. நோயில் எலும்பும் தோலுமாகிப் போனதைத்தான் அந்தச் சொல்லில் நீ எழுதியிருக்கிறாய். அதைப் படிக்கும்போது நீ போய் எட்டு நாள் ஆகியிருந்தது.

"உங்க கடுதாசிய வாசிச்சுக் காட்டினேன் அண்ணே. சிரிச்சாரு. அவனுக்கு வெளங்கல, ஆனா சந்தேகம் வரும், அடுத்த கடுதாசில கட்டாயம் கேப்பான் பாருன்னாரு. அப்புறம் தினமும் தபால்காரர் வந்தாரா வந்தாரான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு."

பாவி நான். ஒரு வரி எழுதிக் கேட்க எனக்கு என்ன கேடு?

இப்போதெல்லாம் விளங்காத சொல்லை யார் சொன்னாலும் உடனே கேட்டுவிடுகிறேன். டாக்டரிடம், அரசாங்கக் கச்சேரி கிளார்க்கிடம், பேரப்பிள்ளையிடம். "என்ன தாத்தா, எல்லாத்துக்கும் அர்த்தம் கேக்குறீங்க" என்று அவன் சிரிக்கிறான். சிரிக்கட்டும். உன்னிடம் மட்டும் கேட்காமல் இருந்துவிட்டேன். நம் ஆட்டத்தில் நான் கடைசிவரை தோற்கவேயில்லையடா.