கை தூக்காத மருந்துக்கடைக்காரர்

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகம்தானே, இங்கே அப்பாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லாம் நலம். போனில் சொன்னால் பாதியிலேயே ஆபீஸுக்கு நேரமாச்சு என்று ஓடிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். ஜெயித்துவிட்டோம்டி! நீ சைக்கிள் பழகி முட்டியைப் பெயர்த்துக்கொண்ட பள்ளி மைதானம் இனி கார் நிறுத்துமிடம் ஆகாது. நகரமன்றத்தில் தலைவர் பக்கம் ஆறு பேர், நாங்கள் ஐந்தே பேர், எப்படி ஜெயித்தோம் என்றுதானே கேட்கிறாய், சொல்கிறேன் கேள். தையல்காரிக்கு அரசியல் எதற்கு என்று அந்தத் தலைவர் என்னைக் கேலி பேசினார் அல்லவா, அவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது, தன் நிழலையே சந்தேகப்படுகிற ஆள். அவர் அணியில் இருக்கும் மருந்துக்கடைக்காரரோ வாயில்லாப் பூச்சி. தலைவரின் கார் போகும் நேரம் பார்த்து மூன்று நாள் அந்த மருந்துக்கடை வாசலில் போய் நின்றேன். அப்பாவுக்குத் தைலம் வாங்கினேன், கடைக்காரரின் பேத்திக்குப் பல் முளைத்த கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தேன், மைதானத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நான்காம் நாள் கூட்டத்தில் தலைவர் எல்லோர் முன்னாலும் அவரைப் பார்த்து, "அந்தம்மாகிட்ட என்ன பேரம் பேசினீங்க? நீங்க முதல்ல கை தூக்குங்க, நான் பார்க்கணும்" என்றாரே பார்க்கலாம். மனிதருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கையை மடியிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார், அப்புறம் கார் நிறுத்துமிடம் வேண்டாம் என்பதற்கு எங்களோடு சேர்ந்து தூக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்று அப்பாவிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

நேற்று அந்த மனிதர் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "இத்தனை வருஷத்துல எங்க ஆளுங்க ஒருத்தரும் இவளைப் பத்தி விசாரிச்சதில்ல, நீங்கதான் கேட்டீங்க" என்றார். நாற்காலியில் கிடந்த தையல் துணிகளை அவசரமாக எடுத்துவிட்டு அவரை உட்காரச் சொன்னேன். குழந்தை வேறு என் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. வெட்கமாக இருந்ததடி, உன்னிடம் மறைப்பானேன். நடந்ததை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாய்வரை வந்தது. ஆனால் தலைவரை மாற்ற அடுத்த மாதம் வாக்கெடுப்பு, நான்தான் நிற்கிறேன், தன் வாக்கு எனக்குத்தான் என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். அது முடிந்ததும் கட்டாயம் சொல்லிவிடுவேன்.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் கோபித்துக்கொள்ளாதே, இருவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் அம்மா