பிளக் இல்லை என்றேன்

நவ. 5, புதன்

காலையில் நல்ல வெயில். கடைக்குத் தங்கூசி வலைநூல் சரக்கு வந்தது, இன்னும் அடுக்கவில்லை. முழங்கால் வலி.

மாலை கோயில் மண்டபத்தில் கமிட்டிக் கூட்டம். புயல் எச்சரிக்கை வந்தால் எல்லா வள்ளத்து இஞ்சினையும் கழற்றி மண்டபத்தில் பூட்டி வைப்பது எங்கள் ஊர் வழக்கம். சாவி கமிட்டித் தலைவர் சூசையிடம். இன்று எதிர்த்துப் பேசினேன். "கடலுக்குப் போறவனத் தடுக்கதுக்கு அரசாங்கத்துக்கும் உரிமை கெடையாது, கமிட்டிக்கும் கெடையாது. எச்சரிக்கை சொல்லலாம், அதோட நிக்கணும். உசுரு அவனுக்க உசுரு. இஞ்சின் அவனுக்க இஞ்சின்."

சூசை எழுந்தார். "அப்பம் மானிய மண்ணெண்ண வேண்டாம்னு எழுதித் தருவியா மக்கா? ஆளக் காணலேன்னா, தேடக் கப்பல் வரலேன்னு ரோட்டுல உக்காராம இருப்பியா?"

எல்லோரும் சிரித்தார்கள். பதிலுக்குச் சத்தம் மட்டும் போட்டேன். கை தூக்கச் சொன்னபோது நான் சொன்னதுதான் ஜெயித்தது. இனி பூட்டு இல்லை. முதல் கை என் தம்பி ஆன்றோவுடையது. பெருமையாக இருந்தது.

நவ. 6, வியாழன்

மேகம். மதியம் கோயில் ஒலிபெருக்கியில் புயல் எச்சரிக்கை: நாளை யாரும் கடலுக்குப் போகவேண்டாம். கணவாய் மீன் சீசன், யார் கேட்பார்கள்? ஆன்றோ போகிறானாம். இன்னும் மூன்று வள்ளமும்.

வாங்க: கிரீஸ், பேனா, மனைவி மேரிக்கு பிரஷர் மாத்திரை.

கடைக்கும் வீட்டுக்கும் சும்மா நடை. மேரி பொறுக்காமல் சொன்னாள்: "இருக்க முடியாம இப்பிடி நடக்கியளே. தம்பிகிட்ட போவாண்டாம்னு ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

நேற்று அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசிவிட்டு, இன்று எந்த முகத்தோடு சொல்ல?

பொழுது சாய்ந்தபின்

ஆன்றோ கடைக்கு வந்தான். இஞ்சினில் பிளக் போய்விட்டது, ஸ்டார்ட் ஆகாது.

"ரெண்டு பிளக் தாண்ணே. விடியதுக்கு முன்ன வள்ளம் எறக்கணும்."

பிளக் பெட்டி மேசைக்கு அடியில், என் காலுக்குப் பக்கத்தில்.

"ஸ்டாக் இல்லடே."

யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது. ஊரில் வேறு கடை கிடையாது. குளச்சலில் இந்நேரம் அடைத்திருப்பார்கள். போய்விட்டான்.

என் கடை, என் சரக்கு. விற்பதும் விற்காததும் என் இஷ்டம். ஆனால் விற்கமாட்டேன் என்று நான் சொல்லவில்லையே. இல்லை என்றல்லவா சொன்னேன்.

நவ. 7, வெள்ளி

பொடி மழை, கொஞ்சம் காற்று. அந்த மூன்று வள்ளமும் போயின. ஆன்றோ வள்ளம் மணலில். ஏழு தடவை கரைக்குப் போய்வந்தேன். தங்கூசி இன்னும் அப்படியே கிடக்கிறது.

புயல் வந்துவிடட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நான் செய்தது சரி என்று ஆகிவிடுமே. மூன்று வள்ளத்திலும் ஆள் இருக்கிறது. சீ, நானும் ஒரு மனிதன்! ஜெபமாலை எடுத்தேன், மனம் நிற்கவில்லை.

நவ. 8, சனி

வெயில். புயல் வடக்கே போய்விட்டதாம். மூன்று வள்ளமும் திரும்பின, நிறையக் கணவாய். ஏலச் சத்தம் கடை வரை கேட்டது. ஆன்றோ ஓரமாக நின்றான். அவனோடு தொழிலுக்குப் போகும் இரண்டு பேரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மதியம் நான் கண்ணயர்ந்த நேரம் மேரி யாருக்கோ பிளக் விற்றிருக்கிறாள். "பெட்டிய எதுக்கு மேசைக்கு அடியில வச்சிய? தேடி எடுத்தேன்." காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. இந்தக் கரையில் எதுவும் ஒரு நாளுக்கு மேல் மறைந்திருக்காது.

நவ. 9, ஞாயிறு

பூசை முடிந்து ஆன்றோ வந்தான். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை.

"ஸ்டாக் இருந்துதாண்ணே?"

"இருந்துது."

"சூசை பூட்டுனா எல்லாரும் பாக்கத்தானே பூட்டுவாரு."

உன் பிள்ளைகள், கூட வரும் இரண்டு பேர், நான் உன் அண்ணன் என்று என்னவெல்லாமோ சொல்ல நினைத்து வைத்திருந்தேன். கடைசியில் சொன்னது இதுதான்.

"பயமா இருந்துதுடே."

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா. அண்ணனுக்கு பயமா இருக்கு, போவாதடேன்னு ஒரு வார்த்த. நான் நின்னிருப்பேன்."

குனிந்து பெட்டியிலிருந்து இரண்டு பிளக் எடுத்து நீட்டினேன்.

"நேத்தே குளச்சல்ல வாங்கியாச்சு" என்றான்.