கருத்துப்போன பிளக்கும் அஞ்சலையோட மாடும்

1986 ஜூன் 3, செவ்வாய்
காலையிலேயே அனல். தொண்டூர் அஞ்சலை ஆள் அனுப்பிச்சிருந்தாங்க: நேத்து சாயங்காலத்துல இருந்து மாடு பருவத்துக்குக் கத்துது. மாட்டாஸ்பத்திரியில இருந்து சினை ஊசி மருந்தை ஐஸ் பிளாஸ்க்குல வச்சு கிளம்பினேன். பாதி வழியில மோட்டார் சைக்கிள் இருமி இருமி நின்னுடுச்சு. பிளக் கருப்பு, ஈரம். துடைச்சு மாட்டினா கொஞ்ச தூரம், மறுபடி நின்னுடும். நாலு தடவை இப்படி. கடைசியில தள்ளிக்கிட்டே போய்ச் சேர்ந்தேன். ஐஸ் தண்ணியாயிடுச்சு. மாடு சாந்தமா அசை போடுது.
"பருவம் போய்டுச்சி. இனிமே இருபத்தோரு நாள் ஆவும், இல்ல சார்?"
அஞ்சலை திட்டல. மோர் குடுத்தாங்க. திட்டியிருந்தா தேவலை. ஒத்தை மாடு, அந்தப் பாலுலதான் பொண்ணு படிக்குது.

ஜூன் 5, வியாழன்
காதர் பாய் மெக்கானிக் ஷாப். புது பிளக். பாயின்ட் சுத்தம், ஏர் ஃபில்டர் அலசியாச்சு. ஸ்பார்க் நல்லா நீலமா வருது. வீடு வரைக்கும் ஜோர்.
வாங்க: உப்புத்தாள், துணி சோப்பு, வீட்டுக்காரி செல்விக்கு ஹேர்பின்.

ஜூன் 7, சனி
மறுபடி கருப்பு. ஒரே புகை. சிங்கவரத்துல ஒருத்தர், "கொசு மருந்து வண்டி வருது, கதவ சாத்து!"

ஜூன் 8, ஞாயிறு
பாய் வீட்டுக்கே வந்தார். டேங்க்ல இருந்து ஒரு டம்ளர் பெட்ரோல் பிடிச்சு விரல்ல தேய்ச்சுப் பார்த்தார்.
"இன்னா சார், இவ்ளோ ஆயிலா?"
"பங்க்ல பெட்ரோலோட ஆயில் கலந்து போடறதோட சரி, பாய்."
சமையல்கட்டு வாசல்ல செல்வி முகம் வெளுத்துடுச்சு. "தினம் காலையில நான்தாங்க ஒரு கரண்டி ஆயில் ஊத்தறேன்."
ஏப்ரல்ல ஆயில் இல்லாம இன்ஜின் பிடிச்சுக்கிட்டு, நான் விழுந்து கை ஒடைஞ்சதே. மறுபடி விழுந்துடக்கூடாதுன்னு, மாவுக்கட்டு பிரிச்ச நாள்ல இருந்து எனக்குத் தெரியாம ஊத்தியிருக்கா.
பாய்க்குச் சிரிப்பு தாங்கல. "தங்கச்சி, இது தலைக்கு வைக்கிற எண்ணெய் இல்லம்மா. ஜாஸ்தியானா பிளக்கை அடைச்சிடும்."
அவளும் சிரிச்சா. அப்புறம் உள்ள போய் அழுதா. எனக்குக் கோவமே வரல. பக்கத்துல போய் உக்காந்தேன்.
பழசை வடிச்சு, புதுசா அளவா கலந்தாச்சு.

ஜூன் 24, செவ்வாய்
சொன்னபடி இருபத்தோராம் நாள் மாடு கத்திடுச்சு. தொண்டூர் வரைக்கும் வண்டி ஒரு தடவைகூட நிக்கல! ஐஸ் கரையல. ஊசி போட்டாச்சு. அஞ்சலைகிட்ட கரண்டி கதையைச் சொன்னேன், சிரிச்சதுல மாடே மிரண்டுடுச்சு.
வர்ற வழியில சும்மா நிறுத்தி பிளக்கைக் கழட்டினேன். காய்ஞ்சு, காப்பித்தூள் கலர். நடுரோட்டுல தனியா நின்னு இளிச்சேன்.

ஜூலை 18, வெள்ளி
தூறல். அஞ்சலை ஆபீசுக்கே வந்துட்டாங்க.
"இருபத்தோரு நாள் தாண்டி மூணு நாள் ஆச்சு சார், மாடு கத்தவேயில்ல!"
சினை நின்ன மாதிரிதான். கை விட்டுப் பார்த்து உறுதி பண்ண இன்னும் நாள் இருக்கு. அவங்க எங்க கேக்கறாங்க, ஊரெல்லாம் சொல்லியாச்சு. கன்னுக்குப் பேரும் வச்சாச்சு, செல்வின்னு.
காளைக்கன்னா இருந்தா?
"உங்க பேரு சார்."