ருசி பார்க்காத பாயசம்

அக்கா,

இன்று மத்தியானம் என் மகள் அடுப்பில் இருந்த பாயசத்தைக் கரண்டியில் எடுத்து, உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். "அம்மா, சக்கரை கம்மியா கீது" என்றாள். இன்று கார்த்திகை தீபம். அது சாமிக்குப் படைக்க வைத்திருந்த பாயசம். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, உன் மேல். நீ போய் ஆறு வருடம் ஆகிறது. இந்த நாள் வந்தால் போதும், ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறியதுமே உன்னோடு சண்டை போட ஆரம்பித்துவிடுகிறேன்.

போனவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். மன்னித்துக்கொள், என்னால் முடியாது.

நம் ஊர் தனி மாவட்டமான வருடம்தான் நான் அந்த வீட்டுக்கு இரண்டாவது மருமகளாக வந்தேன். மூத்தவளான நீ எனக்குப் பத்து வருடம் முந்தி வந்தவள். முதல் நாள் நான் நீங்க, வாங்க என்று இழுத்தபோது நீ சிரித்தாய். "நான் இன்னா தாசில்தாரா? அக்கானு கூப்பிடு, நீ வா போனே பேசு" என்றாய். அதற்கப்புறம் நமக்குள் மரியாதை இருந்ததே இல்லை. சிரிப்பு இருந்தது, சண்டை இருந்தது.

அந்த வீட்டுச் சமையலறையில் இரண்டு அடுப்பு. ஒன்று நாம் தினம் சமைப்பது. மூலையில் இருந்தது சாமி அடுப்பு. அமாவாசை, கிருத்திகை, தீபம் என்றால் அதில்தான் படையல் சமையல். அத்தை வைத்த சட்டம் அது. "வெறும் வயித்தோட இருக்கறவதான் அது பக்கம் போவணும். படையலுக்கு முன்னாடி நாக்குல ஒரு சொட்டு படக்கூடாது." தீபத்தன்று மலை மேல் தீபம் தெரியும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அப்படிப் பட்டினியாக நின்று, ஒன்றையும் ருசி பார்க்காமல், இருபது பேருக்கு நீ சமைப்பாய். ஆவியை முகர்ந்தே உப்பு சரியா என்று சொல்லுவாய். ஒரு வருடமும் தப்பியதில்லை. வருகிறவர்களிடம் அத்தை, "பெரியவ கை வெச்சா பாக்கவே வேணாம்" என்பார். குழந்தை இல்லை என்று வருடம் முழுக்க உன்னை ஜாடையாகக் குத்துகிற அதே வாய் அது. அந்த ஒரு வார்த்தைக்காக நீ மற்ற நாளெல்லாம் பொறுத்துக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கோபம் இன்னும் ஜாஸ்தியாக வருகிறது.

உனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்த அன்று பெரியாஸ்பத்திரிக்கு உன் கூட வந்தது நான்தான். மாத்திரை போட்டால் வேளைக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும், பட்டினி கிடக்கவே கூடாது, சர்க்கரை இறங்கித் தலை சுற்றினால் உடனே இனிப்பு வாயில் போட வேண்டும் என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தாய். வீட்டுக்கு வந்ததும் பூஜை அறையில் கற்பூரம் கொளுத்தி, என் கையைப் பிடித்து அதன் மேல் நீட்டினாய்.

"யார்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"ஏன்க்கா?"

"வேளாவேளைக்குத் திங்கறவளை அத்தை அந்த அடுப்புகிட்ட உடுவாங்களா? அப்புறம் இந்த வூட்டுல எனக்கு இன்னாடி கீது?"

செய்தேன். அன்றிலிருந்து உன் மாத்திரை வெந்தய டப்பாவில் ஒளிந்திருந்தது. விரத நாளென்றால் உன் பின்னாலேயே நான் வெல்லக்கட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு அலைந்தேன். ஒரு நாளும் நீ வாங்கிக்கொள்ளவில்லை. மாத்திரையையாவது அன்றைக்கு நிறுத்தினாயா? அதையும் தவறாமல் போட்டுக்கொண்டாய், பெரிய புத்திசாலி!

கடைசித் தீபத்தன்று சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். வடை சுட்டாகிவிட்டது, பொங்கல் இறக்கியாகிவிட்டது. எல்லோரும் மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள். நீ பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தாய். ஜாடியில் கைவிட்டு ஒரு பிடி கல் உப்பை அள்ளி அதில் போட்டாய். இன்னொரு பிடி அள்ளப் போனாய்.

"அக்கா! அது உப்புக்கா!"

திரும்பி என்னைப் பார்த்தாய். யாரோ தெரியாதவளைப் பார்க்கிற பார்வை. ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது, கை வெடவெடவென்று நடுங்கியது. நான் யோசிக்கவில்லை. வெல்லத்தை உடைத்து உன் வாயில் திணித்தேன். ஒரு நொடி வாயில் இருந்தது. அப்புறம் தூ என்று துப்பினாய். வாயைக் கொப்பளித்தாய்.

"எச்ச வாயோட சாமி அடுப்புல நிக்கச் சொல்றியா? அறிவு கீதாடி உனக்கு? போ, மேல போய் தீபம் பாரு. நான் வேற பாயசம் வெச்சிட்டு வரேன்."

"எப்படியோ போ" என்று சொல்லிவிட்டு நான் மாடிப்படி ஏறினேன். உன்னிடம் நான் கடைசியாகப் பேசியது அதுதான்.

மாடியில் என் பக்கத்திலேயே அத்தை நின்றார். இந்தப் பக்கம் உன் வீட்டுக்காரர். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மலையையே பார்த்தபடி நின்றேன். ஆறு மணிக்குத் தீபம் எரிந்தது. ஊரே அண்ணாமலையாருக்கு அரோகரா என்று கத்தியது, நானும் கத்தினேன். அகல் எல்லாம் ஏற்றிவிட்டுக் கீழே இறங்கினால், பால் அடிப்பிடித்த தீய்ந்த வாடை. அடுப்புக்கு முன்னால் நீ ஒருக்களித்துக் கிடந்தாய். கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நகரவேயில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது உயிர் இல்லை என்றார்கள்.

மறுநாள் வந்தார்களே சனங்கள்! "புண்ணியவதி, தீபத்தன்னிக்குப் போயிட்டா." "அண்ணாமலையாரே கூப்பிட்டுக்கினார்." உன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், உன் மஞ்சள் குங்குமத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அத்தை அழுகையோடு அழுகையாக, "தண்ணிகூடக் குடிக்கலியே எம் மருமவ" என்று பெருமையாகச் சொன்னார். நான் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினேன். அவர்கள் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. ஆனாலும் தலையாட்டினேன்.

இப்போது நாங்கள் ஊர் ஓரம் வேங்கிக்காலில் தனிக்குடித்தனம் இருக்கிறோம். இந்தச் சமையலறையில் இருப்பது ஒரே அடுப்பு. இன்று மகளுக்கும் மத்தியானம் சோறு போட்டேன், நானும் சாப்பிட்டேன். சாயங்காலம் மாடியில் தீபம் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவள் கேட்டாள். "ஏம்மா, பெரியம்மாவ சாமியே கூட்டிக்கிச்சுனு எல்லாரும் சொல்றாங்களே, நெசமா?"

"இல்ல" என்றேன். "பெரியம்மா பசியில செத்தாங்க. அவ்ளோ சோத்த ஆக்கி வெச்சிட்டு, அதுக்கு நடுவுலயே பசியில செத்தாங்க."

அவளுடைய அப்பா திரும்பினார். எல்லாவற்றையும் சொன்னேன், மாத்திரை, சத்தியம், வெல்லம், உப்பு. அவர், "அன்னிக்கு மாடியில எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்றார்.

சத்தியம் பண்ணியிருந்தேன் என்றேன். அது பொய், அக்கா. உன் வாயில் வெல்லத்தைத் திணித்தபோது எனக்குச் சத்தியமும் நினைவில் இல்லை, சாமியும் நினைவில் இல்லை. மாடியில் வாயைத் திறக்கப் போனபோது ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. பெரியவளின் அடுப்பைப் பிடுங்கிக்கொள்ள சின்னவள் கோள் மூட்டுகிறாள் என்று அத்தை நினைத்துவிடுவாரே என்று. உனக்கு அந்த அடுப்பு பெரிதாக இருந்தது. எனக்கு என் நல்ல பெயர். உன்னை நான் திட்டுவதெல்லாம் திட்டிக்கொண்டேதான் இருப்பேன். ஆனால் அந்த நல்ல பெயரோடுதான் ஆறு வருடமாக இந்த ஊரில் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.