பின்புறத்தில் என் எழுத்து இல்லை

எல்வுட்,

பீன்ஸ் பானை அடுப்புக்குள் சூடாக இருக்கிறது. துணி பிடித்துத் திற. வண்டியை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். மலைமேல் தொலைநோக்கிக்காரர்கள் கூட்டத்துக்கு நீ பக்கத்து வீட்டு ஆர்விலோடு அவர் வண்டியில் வந்து சேர்.

காலையில் நம் தொலைநோக்கியைச் சர்ச் கோபுரத்துப் பக்கம் திருப்பினேன். கண்வில்லையை எவ்வளவு உள்ளே தள்ளியும் பிம்பம் தெளியவில்லை. குழாயின் அடியில் இருக்கும் என் குழிக் கண்ணாடியின் குவியத்தூரத்தை அளந்து அந்தக் குழாயை வெட்டியவள் நான். குளிர்காலம் முழுக்க நான் தேய்த்த கண்ணாடிக்கு ஒரே நாளில் குவியத்தூரம் குறையுமா? கழற்றினேன். பின்புறம் நான் கீறிய என் எழுத்தைக் காணோம். அது கடையில் வாங்கியது. என்னுடையது நிலவறையில் உன் பழைய சட்டைக்குள் கிடந்தது.

"பிரமாதமா வந்திருக்கு தெல்மா! நீ போய் சமையலைப் பாரு, நானே பொருத்திடறேன்" என்று நேற்றுச் சொன்னாயே!

தேய்த்ததில் என் கண்ணாடியின் விளிம்பு கொஞ்சம் சரிந்துவிட்டது, அவ்வளவுதானே? கருப்புக் காகித வளையம் ஒட்டி அந்த விளிம்பை மறைத்தால் போதும். ஒட்டிவிட்டேன். என் கண்ணாடியோடுதான் போகிறேன்.

தெல்மா

ஆர்விலுக்கும் பீன்ஸ் வை. பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

அந்த வளையத்தைப் போன மாதமே வெட்டித் தையல் பெட்டியில் வைத்திருந்தேன். விளிம்பு சரியில்லை என்று நீயாக வாய் திறந்து சொல்வாய் என்று காத்திருந்தேன்.