குரலுக்கு எண்பது சதவீதம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். இந்தக் கையெழுத்தைப் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருக்கும், உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். நானும் உங்கள் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் அப்படியே இருக்கவேண்டும்.

என் தொண்டை விஷயம் உங்கள் காதுக்கு வந்திருக்கும். கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். பத்தொன்பது வருஷம் பஸ் நிலையத்தில் மைக் பிடித்தவளை இப்போது தொலைந்த பொருள் கவுண்டரில் உட்கார வைத்திருக்கிறார்கள். கையில் ஒரு சிலேட்டு. நான் எழுதிக் காட்டினால், வருகிறவர்கள் எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்துக்கொண்டு கத்துகிறார்கள். ஒருத்தர் நேற்று தன் குடையைப் பற்றி என்னிடம் போட்ட சத்தத்தில் அடுத்த நடைமேடை பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முதலில் போனில் ஒரு ஆப் வைத்திருந்தேன். எழுதினால் அது பேசும். யாரோ ஒருத்தி மூக்கால் பேசுகிற மாதிரி இருக்கும், ஆனாலும் பேசிற்று. ஒருநாள் காலையில் அப்டேட் என்றது, சரி என்றேன், அதோடு செத்துப்போனது. கம்பெனிக்கு எழுதினால், அந்தச் சேவையை நிறுத்திவிட்டோம், உங்கள் புரிதலுக்கு நன்றி என்று பதில். நான் எங்கே புரிந்துகொண்டேன்?

பிறகு டாக்டர் வேறொன்றைச் சொன்னார். வெளிநாட்டில் ஒரு கம்பெனி, பழைய ஒலிப்பதிவு இருந்தால் அதிலிருந்தே நம் குரலைத் திரும்பச் செய்து ஒரு கருவியில் போட்டுத் தருகிறதாம். என் பஸ் அறிவிப்பு டேப்புகளை எல்லாம் அனுப்பினோம். கருவி வந்துவிட்டது அண்ணா! ஆனால் துறைமுகக் கிடங்கில் நிற்கிறது. அது மருத்துவக் கருவியா, வேறா என்று சுங்க இலாகாவில் உங்கள் பிரிவுதான் முடிவு செய்யுமாம். உங்கள் பிரிவு என்று கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது.

அதில் பாட்டும் போடலாமாம், சதுரங்கமும் ஆடலாமாம். என் வீட்டுக்காரரை ஒரு ஆட்டமாவது தோற்கடித்து, தோற்றுப்போனீங்க என்று என் வாயாலேயே சொல்லவேண்டும்.

அம்மாவை எடுத்த அன்று நான் பேசியதில் உங்களுக்கு வருத்தம் இருக்கும். நேரில் வந்து பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். பேச வாய் வரட்டும், வருகிறேன்.

உங்கள் அன்புத் தங்கை

*

மார்ச் 14

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் கோப்பு என் மேஜைக்கு வந்திருக்கிறது. நீ என் தங்கை என்பது இங்கே யாருக்கும் தெரியாது, அப்படியே இருக்கட்டும்.

வெளியில் இருப்பவர்களுக்கு எங்கள் வேலை புரிவதில்லை. போன மாதம் ஒருவன் பாட்டுக் கேட்கும் காதுப்பொறியைச் செவித்திறன் கருவி என்று எழுதி நானூறு பெட்டி இறக்கினான். இன்னொருவன் பிடித்துவிடும் நாற்காலியை முதுகு வைத்தியம் என்றான். கடிகாரம் கட்டினால் இதய நோயாளி, கண்ணாடி போட்டால் பார்வைக் குறைபாடு. இந்த ஊரில் புதுச் சாமான் வாங்கும் ஒவ்வொருவனும் நோயாளியாகத்தான் இருக்கிறான். வரியே கூடாது என்று பேசுகிறவர்கள்தான் ரோட்டில் பள்ளம் என்றும் முதலில் கத்துகிறார்கள். கம்பெனிக்காரன் ஆறு மாதத்துக்கு ஒரு பொம்மை செய்வான், ஜனங்கள் கியூவில் நிற்பார்கள். நடுவில் கை நீட்டித் தடுக்க ஒருத்தனாவது வேண்டும்.

விதிப்படி என்ன உண்டோ அது நடக்கும். கவலைப்படாதே.

அண்ணன்

*

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

உத்தரவு வந்தது. கீழே உங்கள் கையெழுத்து. அதை நம்பாமல், நேற்று நானும் அவரும் மூன்று பஸ் மாறி உங்கள் ஆபீசுக்கு வந்தோம். நீங்கள் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உங்கள் தோள் தெரிந்தது.

கிளார்க் நல்ல மனுஷர். உத்தரவை வாசித்துக் காட்டினார். “பொழுதுபோக்குச் சாதனம். வரி எண்பது சதவீதம். மருத்துவக் கருவின்னு தப்பா எழுதினதுக்கு அபராதம் தனி. சரக்கு வந்து இறங்கின தேதியிலேர்ந்து தொண்ணூறு நாள்ல கட்டலேன்னா ஏலத்துக்குப் போயிடும்.”

உங்கள் மாப்பிள்ளைக்கு டிப்போவில் ஸ்பானர் பிடித்துத்தான் பழக்கம், ஆபீசில் பேசிப் பழக்கமில்லை. “சார், இது அவ தொண்டை சார். தொண்டைக்கு யாராவது வரி போடுவாங்களா?” என்றார்.

கிளார்க் அட்டவணையை நிஜமாகவே புரட்டிப் பார்த்தார். “தொண்டைன்னு ஒரு தலைப்பு இதுல இல்லீங்களே” என்றார் பாவம்.

“டாக்டர் சீட்டு வெச்சிருக்கோமே?”

“வெச்சிருக்கீங்க. ஆனா இணைப்பு நாலைப் பாருங்க. இந்த அம்மாவே எழுதிக் கொடுத்திருக்காங்களே, பாட்டுக் கேப்பேன், சதுரங்கம் ஆடுவேன்னு.”

அது என் கடிதம் அண்ணா. உங்களுக்கு நான் எழுதியது. மேலும் கீழும் மறைத்து, அந்த ஒரு பத்தியை மட்டும் நகல் எடுத்திருந்தார்கள். பாட்டு என்ற சொல்லுக்கும் சதுரங்கம் என்ற சொல்லுக்கும் கீழே சிவப்புக் கோடு. நீங்கள் கோடு போட்டால் அளவுகோல் வைத்துத்தான் போடுவீர்கள், சின்ன வயதிலிருந்தே.

கருவிக்குக் காப்பீட்டில் பணம் வந்தது. வரிக்கு வராது. எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில் இது ஒரு வருஷத்துச் சாப்பாடு. கோபத்தில் எழுதவில்லை. உங்களால் முடியாவிட்டால் கோப்பை வேறு அதிகாரிக்குத் தள்ளிவிடுங்கள், அவர் என்ன போட்டாலும் ஏற்றுக்கொள்கிறோம். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்பதையாவது எழுதுங்கள்.

தங்கை

*

ஏப்ரல் 17

தங்கைக்கு,

ஏன் என்று கேட்டிருக்கிறாய். எழுதுகிறேன்.

அம்மாவை எடுத்த அன்று வாசலில் அறுபது பேர் நின்றார்கள். நான் வண்டியை விட்டு இறங்கவில்லை, அதற்குள் நீ ஆரம்பித்தாய். “அம்மா பதினோரு நாளா உங்களைக் கேட்டாங்க. நீங்க ஆபீஸ் பூட்டை ஆட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க.” பஸ் நிலையத்தில் ஆறு நடைமேடைக்குக் கேட்கிற குரல். சித்தப்பா மகன் சிரித்தான். சாவு வீட்டில் சிரித்தான்! அன்றிலிருந்து நம் சொந்தத்தில் எனக்குப் பெயர் பூட்டு. ‘பூட்டு வரலையா?’, ‘பூட்டுக்குப் பத்திரிகை வெச்சாச்சா?’ போன வருஷம் என் ஆபீஸ் படிக்கட்டில் பின்னால் ஒருவன் அதைச் சொல்லக் கேட்டேன். முப்பத்தோரு வருஷம் ஒரு காசு கை நீட்டாமல் வேலை பார்த்தவனுக்கு நீ ஒரே மூச்சில் வைத்த பெயர்.

உன் தொண்டை போனதாக அண்ணி சொன்னபோது நான் வருத்தப்பட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

உத்தரவை மாற்றி எழுத எனக்கு அதிகாரம் இருக்கிறது. மருத்துவக் கருவி, வரி இல்லை, அபராதம் இல்லை. அரை மணி நேர வேலை. அன்று வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் உன் கையால் கடிதம் எழுது. அம்மா என்னைக் கேட்கவே இல்லை, நீ சொன்னது பொய் என்று எழுது. அவர்கள் எனக்குப் போன் செய்து சொல்லட்டும். மறுநாள் உன் பெட்டி வெளியே வரும்.

அண்ணன்

*

மே 9

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. பதினைந்து நாளாகச் சமையலறையில் டப்பாவுக்குப் பின்னால் வைத்து எடுத்து எடுத்துப் படித்தேன்.

நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அத்தனை பேர் முன்னால் பேசியிருக்கவே கூடாது. பதினோரு நாள் தூங்காத ஆத்திரம், வண்டியிலிருந்து உங்கள் தலை தெரிந்ததும் வந்துவிட்டது. இதை எல்லாருக்கும் எழுதிவிட்டேன், முப்பத்தெட்டுக் கடிதம். ‘என் அண்ணனை நான் அவமானப்படுத்தியது தவறு, இனி அவரை அந்தப் பெயரால் யாரும் கூப்பிட வேண்டாம்’ என்று. நகல் வைத்திருக்கிறேன், பாருங்கள். சித்தப்பா மகனுக்குத் தனியாக இரண்டு பக்கம்.

அம்மா கேட்கவில்லை என்று மட்டும் எழுத வரவில்லை. எழுதிப் பார்த்தேன் அண்ணா. அரைப் பக்கம் வரை வந்தது. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் ‘பெரியவனா பாரு’ என்பாள். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து இல்லையென்று சொல்லவேண்டும். அதை எப்படி இல்லாததாக்குவேன்?

இன்னும் இருபது நாள்கூட இல்லை. அவர் டிப்போவில் கடன் கேட்டு அலைகிறார், பாதி சேர்ந்திருக்கிறது. நீங்கள் அபராதத்தையாவது எடுத்துவிட்டால் கட்டிவிடுவோம். அந்தப் பெட்டியில் இருப்பது சாமான் இல்லை, உங்களோடு ஒரே வீட்டில் வளர்ந்த குரல். காலில் விழுகிறேன் என்று எழுதினால் நம்புவீர்களா? விழுகிறேன்.

தங்கை

*

ஜூன் 20

தங்கைக்கு,

உன் முப்பத்தெட்டுக் கடிதத்துக்குப் பலன் தெரிந்தது. இதுவரை பூட்டு என்றவர்கள் இப்போது ‘பாவம்’ என்கிறார்கள். நான் கேட்டது அதுவல்ல.

தொண்ணூறு நாள் முடிந்து, ஏலம் போன வியாழக்கிழமை நடந்தது. ஆபீஸ்காரர்கள் ஏலம் எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அதனால் உன் அண்ணியின் தம்பி பெயரில் எடுத்தேன். எண்பது சதவீதத்தையும் ஒரு காசு விடாமல் கட்டினேன், ரசீது இருக்கிறது. மற்றவன் பழைய விளையாட்டுச் சாமான் என்று அடிமாட்டு விலை கேட்டான்.

இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. நல்ல வேலைப்பாடு, ஒப்புக்கொள்கிறேன். எழுத்தைத் தட்டி, பச்சைப் பொத்தானை அழுத்தினால் நீதான். மூச்சுகூட உன் மூச்சு. முதலில் பஸ் நம்பர் சொல்ல வைத்தேன். பிறகு என் பெயரைச் சொல்ல வைத்தேன், என் உண்மையான பெயரை. பிறகு நீ எழுத மறுத்ததைத் தட்டினேன்.

“அண்ணா, நான் சொன்னது பொய். அம்மா உங்களைக் கேட்கவே இல்லை.”

சொன்னாய். தயங்கவே இல்லை. தினமும் ஆபீசிலிருந்து வந்து காலைக் கழுவியதும் ஒருமுறை கேட்கிறேன். சில நாள் இரண்டு மூன்று முறை. முதல் நாள் உன் அண்ணி எழுந்து வாசலுக்குப் போனவள், இப்போது நான் அதைத் தொட்டாலே போய்விடுகிறாள். போகட்டும். ஆகஸ்டில் சித்தப்பா வீட்டில் எல்லாரும் கூடுகிறார்கள். எடுத்துக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன்.

நீயே எழுதியிருந்தால் இவ்வளவு செலவு இல்லை.

அண்ணன்

*

ஜூலை 8

அண்ணாவுக்கு,

இந்தத் தடவை உங்கள் கடிதத்தை அவர்தான் பிரித்துப் படித்தார். படித்துவிட்டு உங்கள் மேலதிகாரிக்கு அனுப்பலாம் என்றார், தம்பி பெயரில் ஏலம் எடுத்ததற்கு வேலையே போய்விடும் என்றார். வேண்டாம் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். வந்த கடிதத்தைக் கடிதமாகவே வைத்துக்கொள்ள எங்கள் வீட்டில் தெரியும்.

போன வாரம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. அவர்கள் நாட்டில் ஒரு சட்டமாம். ஒருவருடைய குரல் எந்தக் கருவியில் இருந்தாலும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ஆளே கையெழுத்துப் போட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும். கருவி யார் கையில் இருக்கிறது என்பது கணக்கில்லை. வேறு கருவிக்கு மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டு எழுதினேன். பழையதைத் திருப்பி அனுப்பினால்தான் மாற்ற முடியும் என்றார்கள். பஸ் நிலையத்து டேப்புகளை அவர்களுக்கு அனுப்பிவிட்டதால் இங்கே வேறு எதுவும் இல்லை. படிவத்தில் இரண்டு கட்டம். நீடிக்கவும். அழிக்கவும்.

மூன்று நாள் அதை மேஜைமேல் வைத்திருந்தேன். அழிக்கவும் என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டு, முந்தாநாள் தபாலில் சேர்த்துவிட்டேன். ஆகஸ்ட் முதல் தேதி காலையில் கம்பெனி அங்கிருந்தே குரலை அழித்துவிடும், உங்கள் மேஜைமேல் இருப்பது வாய் மூடும். அதற்குப் பிறகு சதுரங்கம் ஆடலாம், பாட்டுப் போடலாம். நீங்கள் உத்தரவில் எழுதிய மாதிரியே.

சித்தப்பா வீட்டில் கூடுவது ஆகஸ்ட் ஐந்து என்று சொன்னார்கள்.

அம்மா உங்களைக் கேட்டாள். நீங்கள் எத்தனை தடவை பொத்தானை அழுத்தினாலும் கேட்டாள்.

உங்கள் மாப்பிள்ளைக்குத்தான் தாங்கவில்லை. “ஒரு தடவை, ஒரே தடவை நான் கேட்டிருப்பேனேடி” என்று தலையில் அடித்துக்கொண்டார். உங்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். போகக் கூடாது என்று எழுதினேன். சிலேட்டை வாங்கி அழித்துவிட்டு, என்னோடு இரண்டு நாளாகப் பேசவில்லை. ஆனால் எனக்குத் தெரியாமல் வருவார். முப்பத்தொன்றாம் தேதிக்கு டிப்போவில் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

அன்று வந்தால் கதவைத் திறங்கள். காபி, பேச்சு ஒன்றும் வேண்டாம். அவரை மேஜைக்கு முன்னால் உட்கார வைத்து, ‘ஏங்க, சாப்பிட வாங்க’ என்று தட்டிப் பச்சைப் பொத்தானை அழுத்துங்கள். இனி உங்களிடம் எனக்குக் கேட்க வேறு எதுவும் இல்லை.

தங்கை